அமெரிக்க நெடுஞ்சாலைகள் கறுப்பின மக்களுக்குப் பயணச் சுதந்திரம் தந்தனவா?

தந்தன, ஆனால் பாதிதான். தென் மாநிலங்களில் ரயிலில் தனிப்பெட்டி, பேருந்தில் பின் இருக்கை என்று அவர்களை ஒதுக்கிவைத்தார்கள். சொந்தக் காரில் போனால் அந்த அவமானம் இல்லை. வண்டியை நிறுத்தும்போதுதான் சிக்கல். சாப்பாடு, அறை, கழிப்பறை எதற்கும் உத்தரவாதம் கிடையாது. பொழுது சாய்ந்தபின் கறுப்பர் தலை தெரியக் கூடாது என்ற ஊர்களும் இருந்தன. அதனால் கட்டுச்சாப்பாடு, போர்வை, உபரி பெட்ரோல், அவசரத்துக்கு ஒரு காலி டப்பா வரை டிக்கியில் ஏற்றிக்கொண்டுதான் கிளம்புவார்கள்.

1936இல், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த தபால்காரர் விக்டர் கிரீன், கறுப்பினப் பயணிகளுக்கு இடம் தரும் விடுதிகள், வீடுகளின் முகவரிகளைத் தொகுத்து 'கிரீன் புக்' வெளியிடத் தொடங்கினார். பின்னாளில் எஸ்ஸோ பெட்ரோல் பங்குகளிலும் அது கிடைத்தது.

1956 நெடுஞ்சாலைச் சட்டத்தால் வந்த, மாநிலங்களை இணைக்கும் 'இன்டர்ஸ்டேட்' சாலைகளில், சிற்றூர்களுக்குள் நுழையாமலே கடந்துவிடலாம். விடுதிகளில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964 சிவில் உரிமைச் சட்டத்தை எதிர்த்து 216 அறைகள் கொண்ட அட்லாண்டா மோட்டல் ஒன்று வழக்குப் போட்டது. அது 75, 85 எண் இன்டர்ஸ்டேட் சாலைகளை ஒட்டியிருப்பதையும், விருந்தினரில் சுமார் 75 சதவீதம் வெளிமாநிலத்தவர் என்பதையும் உச்ச நீதிமன்றம் சுட்டியது. இது மாநிலங்களுக்கு இடையிலான வணிகம், அதை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்பதால் சட்டம் செல்லும் என்றது. சாலையே சாட்சி சொன்ன வழக்கு!

அதே சாலைகளுக்காகத்தான் மயாமியின் ஓவர்டவுன், செயின்ட் பாலின் ராண்டோ போன்ற கறுப்பினக் குடியிருப்புகளில் வீடுகளை இடித்துத் தள்ளினார்கள்.