ஆற்றோரம் ஒரு நடை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அடுத்த மாதம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் ஸையன் தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். மாமனாரும் மாமியாரும் ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். மாமாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்து ஒரு வருடம் ஆகிறது. மகளுக்கு நான்கு வயது. அதனால் ‘ரிவர்சைட் வாக்’ என்ற பாதை போதும் என்று முடிவு செய்தோம். கணவரின் நண்பர்கள் சிரிக்கிறார்கள். “அது ஹைக்கிங்கே இல்லை. பார்க்கில் வாக்கிங் போகிற மாதிரி. அவ்வளவு தூரம் போய் ஏஞ்சல்ஸ் லேண்டிங் ஏறாமலா வருவீர்கள்?” என்கிறார்கள். இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது. நீங்கள் அங்கே போய்வந்ததை எழுதியிருந்தீர்கள். தளம் போட்ட பாதையில் நடந்து அப்படி என்ன பார்த்துவிடப் போகிறோம்?

அன்புடன்,
எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

தாராளமாகப் போங்கள். நண்பர்களிடம் ஒன்று சொல்லிவையுங்கள். ஏஞ்சல்ஸ் லேண்டிங் நினைத்தவுடன் போய் ஏறிவிடக்கூடிய இடம் அல்ல. 2022 ஏப்ரலிலிருந்து அதற்கு அனுமதிச்சீட்டு வேண்டும், அதுவும் குலுக்கலில் விழுந்தால்தான். கடைசிப் பகுதியில் இரண்டு பக்கமும் அதலபாதாளம், சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். அந்த நேரத்தில் ஏறுகிறவர் அதிகமும் பார்ப்பது தனக்கு முன்னால் போகிறவரின் ஷூவைத்தான்.

தளம் போட்ட பாதையின் அருமை எனக்கு அங்கேதான் பிடிபட்டது. கரடுமுரடான தடத்தில் கண் காலை விட்டு நகராது. அடுத்த அடியை எங்கே வைப்பது, கல் புரளுமா என்பதே யோசனையாக இருக்கும். நிமிர்ந்து பார்க்க வேண்டுமானால் நின்றாக வேண்டும். ரிவர்சைட் வாக்கில் அந்தக் கவலை இல்லை. ஸையனில் பார்க்க வேண்டியதெல்லாம் தலைக்கு மேலேயும் தோளுக்குப் பக்கத்திலும்தான் இருக்கிறது.

போக வர மொத்தம் 3.5 கிலோமீட்டர், ஏற்றம் ஏறத்தாழ 17 மீட்டர். இடது கைப்பக்கம் விர்ஜின் ஆறு. பெரிய ஆறு இல்லை, பல இடங்களில் முழங்கால் ஆழம்கூட இருக்காது. இருநூறு முன்னூறு மீட்டர் உயரத்துக்கு நிற்கும் அந்தப் பாறைச் சுவர்களை அறுத்தது இந்தச் சின்ன ஆறுதான் என்று மாமாவிடம் சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டார். சுவரை உற்றுப் பார்த்தால் சாய்ந்த கோடுகள் தெரியும், ஒரு அடுக்கு ஒரு பக்கமாக, அதன் மேல் அடுக்கு இன்னொரு பக்கமாக. சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த இடம் பாலைவனம். காற்று கொண்டுவந்து கொட்டிய மணல்மேடுகளின் சரிவுகள்தான் அந்தக் கோடுகள். காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது என்பதைக்கூட அவற்றை வைத்துச் சொல்லிவிடுகிறார்கள்.

என்னைக் கட்டிப்போட்டது வலது பக்கத்துச் சுவர். மேலே பெய்யும் மழையும் உருகும் பனியும் மணற்பாறைக்குள் மெல்ல மெல்ல இறங்குகின்றன. அடியில் தண்ணீர் புக முடியாத இறுகிய களிப்பாறை அடுக்கு குறுக்கிடுகிறது. கீழே வழியில்லாத தண்ணீர் பக்கவாட்டில் கசிந்து சுவரின் முகத்தில் வெளிவருகிறது. அதே பூங்காவில் ‘வீப்பிங் ராக்’ என்ற இடத்தில் சொட்டும் நீர் பாறைக்குள் இறங்கி ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் ஆகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சுற்றிலும் வறண்ட பூமி, கசிவுள்ள இடத்தில் மட்டும் பெரணியும் பாசியும் சுவரிலேயே வேர் விட்டுத் தொங்கும். தொங்கு தோட்டங்கள் என்கிறார்கள். கிட்டப் போய் நின்றால் முகத்தில் குளிர்ச்சி தட்டும். அந்த ஈரத்தில்தான் ஸையன் நத்தை வாழ்கிறது. மிளகளவுகூட இருக்காது. உலகில் வேறெங்கும் கிடையாது. இதைக் கண்டுபிடிக்க உங்கள் வீட்டில் தகுதியான ஆள் நான்கு வயதுக்காரிதான், அவள் கண் இருக்கும் உயரம் அப்படி. தொடாமல் பார்க்கச் சொல்லுங்கள், அந்தச் செடிகளும் நத்தைகளும் விரல் பட்டாலே கெட்டுவிடும். ஏஞ்சல்ஸ் லேண்டிங் போகிற வேகத்தில் இங்கே நடந்தால் ஒன்றும் கண்ணில் படாது. உங்கள் மகள் பத்தடிக்கு ஒரு தரம் நிற்பாள், மாமா இருபதடிக்கு ஒரு தரம் நிற்பார். அந்த வேகம்தான் சரி.

மாமாவைப் பற்றி இன்னும் கொஞ்சம். முதல் அரை கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரை வீல்சேரே போகும். அதன் பிறகு சில இடங்களில் சரிவு கூடும், கைத்தாங்கல் இருந்தால் நல்லது. ஈரமான இடத்தில் மணல் படிந்து வழுக்கும், கைத்தடி கொண்டுபோகட்டும். முழுத் தூரமும் போயே ஆக வேண்டும் என்பதில்லை. நான் சொன்ன கசிவுச் சுவர்கள் வழியெங்கும் வருகின்றன. கழிப்பறை பாதை தொடங்கும் இடத்தில்தான், நடுவில் கிடையாது. மாமியாரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சுலபமான பாதைதானே என்று அசட்டையாக இருந்துவிடக்கூடாத இடமும் ஒன்று உண்டு. தளம் முடிகிற இடத்தில் ஆற்றுக்குள் இறங்கலாம். அதற்கு அப்பால் பாதை என்று தனியாக ஒன்று இல்லை, ஆறேதான் வழி. ‘நேரோஸ்’ என்ற புகழ்பெற்ற இடுக்கு அங்கே தொடங்குகிறது. கோலும் தண்ணீர்ச் செருப்புமாகக் கூட்டம் இறங்கிக்கொண்டிருக்கும், பார்த்தால் உங்களுக்கும் ஆசை வரும். கரையில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும்போதே வடக்கே எங்கோ பெய்த மழை திடீர் வெள்ளமாக வந்து சேரும், ஜூலை முதல் செப்டம்பர் வரை இது அதிகம். தெளிந்த நீர் கலங்கினாலோ, சுள்ளியும் சருகும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே மேலேறிவிட வேண்டும். அன்றைய வெள்ள எச்சரிக்கை நிலவரத்தை காலையில் வரவேற்பு மையத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். 2020இலிருந்து ஆற்றில் சயனோபாக்டீரியா என்ற நச்சுள்ள நுண்ணுயிர் இருப்பதைக் கண்டறிந்து எச்சரிக்கிறார்கள். குழந்தை அந்தத் தண்ணீரை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அணில்கள். பார்க்க அப்பாவி மாதிரி இருக்கும், பிஸ்கட் வாசனைக்கு மடி மீதே ஏறிவிடும். கடித்தால் தையல் போடும் அளவுக்குப் போகும். தீனி போட்டால் அபராதம். நம்மவர்களுக்கு இந்த விஷயத்தில் கை சும்மா இருக்காது, மாமாவைக் கவனித்துக்கொள்ளுங்கள்!

ஷட்டில் ஓடும் காலத்தில் சொந்தக் காரை அங்கே வரை ஓட்டிப் போக முடியாது. வரவேற்பு மையத்தில் விட்டுவிட்டு இலவசப் பேருந்தில் ஏறி, கடைசி நிறுத்தமான டெம்பிள் ஆஃப் சினவாவாவில் இறங்க வேண்டும். ஒரு வழிக்கே முக்கால் மணி நேரம் ஆகும். முதல் பேருந்துகளில் ஒன்றைப் பிடித்துவிட்டால் கூட்டமும் குறைவு, வெயிலும் இருக்காது. திரும்புவதற்கான கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே ஓட்டுநரிடம் கேட்டுவிடுங்கள். அதைத் தவறவிட்டால் அத்தனை தூரமும் நடந்துதான் வர வேண்டியிருக்கும்.