விந்தணு குறைவுக்கு ஈயம் இறக்கும் ட்ரிப்ஸ் போடலாமா?

கேள்வி: பழைய பேட்டரி உருக்கும் பட்டறையில் 6 வருடமாக வேலை. விந்தணு மில்லிலிட்டருக்கு 90 லட்சம்தான் இருக்கிறது. ஒரு மையத்தில் முடியைச் சோதித்து, ஈயம் ஏறியிருக்கிறது, 10 ட்ரிப்ஸ் போட்டால் இறங்கிவிடும் என்கிறார்கள். போடலாமா?

பதில்: போடாதீர்கள். பட்டறைத் தூசு முடியிலேயே படிந்திருக்கும். அது உள்ளே போன ஈயமா, மேலே ஒட்டியதா என்று முடிச் சோதனை பிரித்துச் சொல்லாது. உலோகத்தை இறக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டுச் சிறுநீரைச் சோதிப்பது இன்னொரு ஏமாற்று. அந்த மருந்து யார் உடம்பிலிருந்தும் கொஞ்சம் உலோகத்தை இழுத்து வரும். மருந்தே எடுக்காதவர்களின் அளவோடு அதை ஒப்பிட்டுப் பயமுறுத்துவார்கள்.

உங்களுக்கு வேண்டியது ரத்த ஈய அளவு. முழங்கைக்கு மேல் வரை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு, உலோகக் கலப்பில்லாத தனிக் குழாயில், கையின் ரத்த நாளத்திலிருந்து ரத்தம் எடுக்க வேண்டும். சிவப்பணுக்களை நீக்கிய தெளிந்த நீரான சீரத்தில் பார்த்தால் வீண். ஈயம் சிவப்பணுவில்தான் குடியிருக்கும். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் வந்தாலே, எங்கிருந்து ஏறுகிறது என்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். 40, 45ஐத் தாண்டினால் விந்தணு எண்ணிக்கையே குறையத் தொடங்குகிறது. ஆலைப் பரிசோதனையில் 'வேலைக்குத் தகுதி' என்று முத்திரை குத்தி இந்த எண்ணைக் கண்ணில் காட்டாமலே அனுப்புவதுண்டு. கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். குழந்தையின்மை சிகிச்சைக்கு வருபவரிடம் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்க எத்தனை நேரம் ஆகிவிடும்?

ட்ரிப்ஸ் ஒருபோதும் கூடாது என்பதில்லை. ரத்த ஈய அளவு 100ஐத் தாண்டியவருக்குப் பொதுவாகத் தேவைப்படும். அதற்குக் கீழே இருந்தும் வயிற்றைப் பிசையும் வலி, மணிக்கட்டு தொங்குவது, மனக்குழப்பம் என்று வந்தவருக்கும் தேவைப்படலாம். அதை நச்சியல் தெரிந்த மருத்துவர், மருத்துவமனையில், சிறுநீரகத்தைக் கவனித்தபடி செய்ய வேண்டும். அதுவும் உயிரையும் நரம்பு மண்டலத்தையும் காப்பாற்றத்தான், விந்தணுவுக்காக அல்ல. ஈயத்தை இறக்க ட்ரிப்ஸில் ஏற்றும் மருந்தான கால்சியம் டைசோடியம் இ.டி.டி.ஏ.வுக்குப் பதில், பெயரில் ஒத்த வெறும் டைசோடியம் இ.டி.டி.ஏ. ஏற்றினால் ரத்தத்தில் கால்சியம் சரிந்து இதயம் நின்றுவிடலாம். அப்படி உயிர்கள் போயிருக்கின்றன. மையத்து ஊழியருக்கு இந்த வித்தியாசம் தெரியுமா?

ட்ரிப்ஸ் போட்டுக்கொண்டே அதே உலைக்குத் திரும்பினால், இறக்கியது மறுபடி ஏறும். உலையை விட்டு வேறு பிரிவுக்கு மாறப் பாருங்கள். முடியாவிட்டால், முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்தும் பி100 (நுண்தூசையும் பிடிக்கும் தரம்) வடிகட்டி மாஸ்க் போடுங்கள். துணி மாஸ்க் நுண்தூசைத் தடுக்காது. தரையைக் காய்ந்தபடி கூட்டாமல் நனைத்துத் துடையுங்கள். குளித்து, உடை மாற்றிக்கொண்டே வீடு திரும்புங்கள். கை கழுவாமல் சாப்பிடுவதும் புகைப்பதும் ஈயத்தை நேரே வாய்க்குள் போடுவதுதான். சிகரெட் புகையில் கேட்மியம் என்ற நச்சு உலோகம் வேறு.

விந்தணு உருவாக 74 நாள், முதிர்ந்து வெளிவர மேலும் இரண்டு வாரம் போல. அதனால் தூசை நிறுத்தி 3 மாதம் கழித்து, 2 முதல் 7 நாள் விந்து வெளியேற்றாமல் இருந்துவிட்டு விந்தை மறுபடி சோதியுங்கள். அதற்குள் விதைப்பை ரத்த நாள வீக்கம் (வேரிகோசீல்) இருக்கிறதா என்று சிறுநீரக அறுவை நிபுணரிடம் காட்டிவிடுங்கள். பட்டறையில் இருப்பதாலேயே பழி முழுவதும் ஈயத்தின் மேல் என்று ஆகாது.