பழைய லீவர் ரைஃபிளை வாங்கும் முன்

கேள்வி: பென்சில்வேனியாவில் கிரீன் கார்டுடன் வசிக்கிறேன். மான் வேட்டைக்காக, .30-30 தோட்டா போடும் பழைய வின்செஸ்டர் 94 ரைஃபிள் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வரிசை எண் 31 லட்சத்தைத் தாண்டியது. இரும்பு முழுவதும் புதிதுபோல் மின்னுகிறது. எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

பதில்: அந்த மினுமினுப்பைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். வின்செஸ்டர் நிறுவனம் 1964-இல் இந்த ரைஃபிளின் தயாரிப்பு முறையை மாற்றியது. வரிசை எண் 27 லட்சத்துக்கு மேற்பட்டவை அந்த மாற்றத்துக்குப் பிந்தியவை. அக்காலத்து நடு உடற்பகுதியின் (குழலுக்கும் மரக்கட்டைக்கும் இடையிலுள்ள, இயங்கும் பாகங்களைத் தாங்கும் பகுதி) உலோகம், துருவைத் தடுக்கும் வழக்கமான நீலப்பூச்சைச் சரியாக ஏற்பதில்லை. ஆகவே இந்த மினுமினுப்பு மறுபூச்சா என்று அறிய, நடுப்பகுதியின் நிறத்தையும் குழலின் நிறத்தையும் வெயிலில் ஒப்பிட்டுப் பாருங்கள். எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருந்தால், துருவைத் தேய்த்துவிட்டு மறுபூச்சு செய்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். திருகுகளின் தலைப்பள்ளம் சிதைந்திருப்பது, பழக்கமில்லாத கை உள்ளே புகுந்ததற்கு அடையாளம்.

எதைத் தொடும் முன்பும் துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். லீவரை (தோட்டாவை மாற்ற விசையருகே கீழே இழுக்கும் நெம்புகோல்) பலமுறை இயக்கிய பின்னும் குழலடியிலுள்ள தோட்டாக் குழாயில் ஒன்று சிக்கிக்கொண்டிருக்கக்கூடும் என்பதால், தோட்டா அமரும் அறையை விரலாலும் குழாயின் வாயைக் கண்ணாலும் சோதிப்பது அவசியம்.

பிறகு குழலின் வாயைக் கவனியுங்கள். இதேபோன்ற வேறொரு லீவர் ரைஃபிளான மார்லின் 336-இல் ஒரு திருகைக் கழற்றி லீவரை எடுத்தால் போல்ட் (குழலின் பின்புறத்தை அடைக்கும் பாகம்) வெளியே வந்துவிடும். குழலைப் பின்புறமிருந்தே துடைக்கலாம். வின்செஸ்டர் 94-இல் அது நீண்ட வேலை. அதனால் பெரும்பாலோர் முன்புறமிருந்தே துடைப்புக் கம்பியைச் செலுத்துவார்கள். கம்பி உரசி உரசி வாயின் உள்விளிம்பு ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடும். உள்ளே சுருள் பள்ளங்கள் நன்றாக இருந்தாலும், வாய் தேய்ந்த துப்பாக்கி குறி தவறும். வாயைச் செப்பனிட ஆகும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

அடுத்த சோதனையில் விட்டுக்கொடுக்கவே கூடாது. விற்பவரின் அனுமதியோடு சுத்தியலைப் பாதி இழுத்து நிறுத்தி விசையை அழுத்துங்கள்; சுத்தியல் விழக்கூடாது. முழுதாக இழுத்து நிறுத்தியபின் கட்டைவிரலால் முன்னோக்கித் தள்ளினாலும் விழக்கூடாது. லீவரைச் சற்றே திறந்து வைத்து விசையை அழுத்தும்போதும் அப்படியே. இவற்றில் ஒன்று தவறினாலும், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள். லீவரை மூடியதும் போல்ட்டின் பின்னே பூட்டுக்கட்டை முழுதாக மேலெழுந்து நிற்க வேண்டும். பாதியில் நின்றால் துப்பாக்கிப் பழுது பார்ப்பவரிடம் தோட்டா அறையின் இடைவெளியை அதற்கான அளவுக் கருவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெடிமருந்து இல்லாத, சோதனைக்கான நான்கைந்து போலித் தோட்டாக்களை எடுத்துச் சென்று, லீவரை மெதுவாக ஒருமுறையும் வேகமாக ஒருமுறையும் இயக்குங்கள். அந்த ஆண்டுகளில் தோட்டாவைத் தூக்கிக் கொடுக்கும் பகுதியைத் தகட்டில் அழுத்திச் செய்தார்கள். அது வளைந்திருந்தால் தோட்டா இடையில் சிக்கும். மரக்கட்டையில் கைப்பிடிக் கழுத்தருகே மயிரிழை விரிசலையும் தேடுங்கள்.

கிரீன் கார்டு இருப்பதால் உங்களுக்குத் தடையில்லை. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கோ, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். தனியாரிடம் வாங்கினாலும், உரிமம் பெற்ற விற்பனையாளர் வழியாகப் பின்னணிச் சோதனையுடன் மாற்றிக்கொள்ளுங்கள்.