22க்கு மேல் ரெட்டுக்கு மதிப்பு கிடையாது

சகோ, உங்கள் கேரம் ஆட்டம் அந்த போர்டில் முடியவில்லை என்று உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி. நீங்கள் 22ல் இருந்தீர்கள், ரெட்டை (சிவப்புக் காயை) எடுத்து அதற்கு ஃபாலோவும் (உடனே சொந்தக் காய் ஒன்றும்) போட்டுவிட்டீர்கள், எதிராளியின் காய் 2 மீதி, ஆக 22+2+3 என்று 27ல் ஆட்டம் முடிந்தது என்கிறீர்கள். அந்த 3தான் வராது. 1988ல் சென்னையில் தொடங்கிய சர்வதேச கேரம் கூட்டமைப்பின் விதிப்படி ஒருவர் 21 புள்ளி வரை இருக்கும்போதுதான் ரெட்டுக்கு 3, 22 தொட்டுவிட்டால் மீதிக் காய்களுக்கு மட்டுமே புள்ளி. எனவே உங்களுக்கு 24, ஜெயிக்க வேண்டிய 25 வராததால் ஆட்டம் முடியவில்லை.

இது எரிச்சலாகத்தான் இருக்கும், அதுவும் அடுத்த போர்டில் (சுற்றில்) 18ல் இருந்த எதிராளி ரெட்டோடு 4 காய் வித்தியாசத்தில் ஜெயித்து 18+4+3 என்று சரியாக 25ஐ எட்டியிருக்கிறார் என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் அவர் 22க்குக் கீழே இருந்ததால் அவருக்கு அந்த 3 உண்டு. இன்னொன்று, 22ல் இருந்தாலும் ரெட்டை விட்டுவிடாதீர்கள். அதை அவர் எடுத்து போர்டையும் ஜெயித்தால் 3 அவருக்குப் போய்விடும், நீங்கள் எடுத்துவிட்டால் போர்டு தோற்றாலும் அந்த 3 யாருக்குமில்லை.

25 வராவிட்டாலும் 8 போர்டோடு ஆட்டம் முடியும், முன்னிலையில் இருப்பவர் வெற்றி, அப்போதும் சமம் என்றால் கூடுதலாக ஒரு போர்டு. கருப்புக்கு 10, வெள்ளைக்கு 20, சிவப்புக்கு 50 என்று வீட்டில் ஆடுவோமே, அது வேறு ஆட்டம், அந்தக் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள்.