நிலவாகைப் பொடியில் ஆவாரை இலை கலந்திருந்தால்…

கேள்வி: நாட்டு மருந்துக் கடையில் நிலவாகைப் பொடி வாங்கினேன். ஆவாரை இலையையும் சேர்த்து அரைத்துவிடுகிறார்கள் என்று என் அத்தை சொல்கிறார். எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் நுண்ணோக்கி இருக்கிறது. அரைத்த பிறகும் இலையை அடையாளம் காண முடியுமா?
– தாவரவியல் மாணவி, தூத்துக்குடி.

பதில்: முடியும். அரைக்கும்போது இலையின் வடிவம் போய்விடுமே தவிர, செல்களின் அமைப்பு துணுக்குகளில் அப்படியே இருக்கும். ஒரு சிட்டிகைப் பொடியைக் கண்ணாடித் தகட்டில் இட்டு, குளோரல் ஹைட்ரேட் கரைசல் இரண்டு துளி விட்டு, சிறு சுடரில் மெதுவாகச் சூடாக்கினால் பச்சையம் நீங்கித் துணுக்குகள் தெளிந்துவிடும். ஆறியதும் ஒரு துளி கிளிசரின் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் கரைசலே உலர்ந்து ஊசி ஊசியாகப் படிந்து, அதை இலையின் படிகம் என்று எண்ணி ஏமாற நேரிடும். முதன்முறை பார்ப்பவர்களில் பலருக்கு இது நடக்கிறது.

நிலவாகையில் ஒவ்வோர் இலைத்துளையின் (இலை சுவாசிக்கும் நுண்துளை) இரு பக்கமும், துளையைத் திறந்து மூடும் காப்பு செல்களுக்கு இணையாக, இரண்டு துணைசெல்கள் இருக்கும். தூவிகள், அதாவது இலைப்பரப்பின் நுண்மயிர்கள், ஒரே செல்லால் ஆனவை. தடித்த சுவரில் பரு பருவாக இருக்கும். பெரும்பாலும் வளைந்து புறத்தோலை ஒட்டிப் படுத்திருக்கும். நரம்பை ஒட்டிய நார்களின் மீது கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். குறுக்குவெட்டாக விழுந்த துணுக்கு அகப்பட்டால் இன்னும் நல்லது: பெரும்பாலான இலைகளில் மேற்புறம் மட்டுமே காணும் பாலிசேட் அடுக்கு (நெருக்கமாக நிற்கும் நீண்ட செல்களின் வரிசை), இதில் கீழ்ப்புறத்திலும் இருக்கும்.

ஆனால் ஆவாரையும் நிலவாகையின் பேரினத்தைச் சேர்ந்த நெருங்கிய உறவு என்பதால், மேற்சொன்னவை தெரிந்தாலே ஆவாரை கலக்கவில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. அதற்கு வேதிச் சோதனை ஒன்று உண்டு: 80 சதவீதக் கந்தக அமிலம் பட்டால் ஆவாரை இலைத் துணுக்கு செந்நிறமாக மாறும், நிலவாகை அப்படி மாறாது. இதை ஆசிரியர் உடனிருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

உங்கள் பகுதியில் விளைந்து ‘டின்னவெல்லி சென்னா’ என்ற பெயரில் ஏற்றுமதியாகும் நிலவாகைச் சரக்கையும், அதன் மற்றொரு வகையான அலெக்சாந்திரியச் சரக்கையும் பிரித்தறிய, 1927-இல் தாவரவியலாளர் சாலிஸ்பரி வகுத்த இலைத்துளைக் குறியெண் உதவும். ஒரு பரப்பிலுள்ள புறத்தோல் செல்களையும் இலைத்துளைகளையும் சேர்த்து எண்ணி, அந்தக் கூட்டுத்தொகையில் இலைத்துளைகள் நூற்றுக்கு எத்தனை என்று கணக்கிட வேண்டும். நம் சரக்கில் அது 17.1 முதல் 20 வரை, மற்றதில் 11.4 முதல் 13 வரை. இலைத்துளைகளை மட்டும் எண்ணினால் இலையின் வயதுக்கும் வளர்ந்த இடத்துக்கும் ஏற்ப எண்ணிக்கை மாறும். குறியெண் அவ்வளவாக மாறாது. இதற்குப் பொடி மிக நைசாக இல்லாமலிருப்பது நல்லது.

கடைப் பொடியைத் தொடுமுன், சாலையோரத்து ஆவாரை இலையையும், ஐயமில்லாத நிலவாகை இலையையும் தனித்தனியே நிழலில் உலர்த்தி அரைத்து, நிலவாகை பத்துக்கு ஆவாரை ஒன்று என்ற அளவில் இரண்டையும் கலந்தும் ஒரு தகடு தயாரித்துக்கொள்ளுங்கள். கடைப் பொடியை அந்த மூன்றின் அருகில் வைத்துப் பாருங்கள்.