ஊருணி வற்றினால் யாளி என்ன செய்யும்?

செட்டிநாட்டுச் சாயலில் ஒரு கற்பனை நாடு அமைத்து ரோல்பிளேயிங் ஆட்டம் (ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடுவது) நடத்துவோர் அனுப்பிய கேள்விகள்.

பாத்திரங்களுக்குப் பதினேழு கற்பனை இனங்கள் எழுதி வைத்திருக்கிறேன். ஆடப்போவது ஐந்து பேர். போதுமா? (காரைக்குடி)

மிக அதிகம். நான்கு போதும், ஐந்தைத் தாண்ட வேண்டாம். இவ்வகை ஆட்டங்களில் புகழ்பெற்ற டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஆட்டக்காரர் கையேட்டில், 2014 பதிப்பில் இருந்த இனங்களே ஒன்பதுதான்; 2024 பதிப்பில் பத்து. அவை எந்த உலகத்துக்கும் பொருந்த எழுதப்பட்டவை, உங்களுடையதோ ஒரு வறண்ட சீமை. ஒவ்வொரு இனத்தையும் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: சித்திரையில் ஊருணி வற்றினால் இவர்கள் என்ன செய்வார்கள்? நாகர் சேற்றுக்கு அடியில் ஊற்றைத் தேடுவார்கள், பூதங்கள் தூர் வாரும். பதில் வராத இனத்தை அடித்துவிடுங்கள்.

யாளியாக ஆட விடலாமா? மற்றவர்களை விழுங்கிவிடும் என்று தம்பி பயப்படுகிறான். (பள்ளத்தூர்)

தாராளமாக விடலாம். உடலை மனித அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். வலிமைக்கு எண்களைக் கூட்டாதீர்கள், சிற்பத்தைப் பாருங்கள். சில கோயில்களில் யாளியின் வாய்க்குள் ஒரு கல்லுருண்டை இருக்கும். விரல் விட்டு உருட்டலாம்; பல்லைத் தாண்டி வெளியே வராது. அதுதான் உங்கள் யாளி. கொடுத்த வாக்கு அதன் வாயில் கல்லாகக் கிடக்கிறது. வாக்கைக் காக்கும்போது பகடையை இரண்டு முறை உருட்டி நல்ல எண்ணை எடுத்துக்கொள்ளட்டும். வாக்குத் தவறினால் மறுநாள் விடியும்வரை பேச்சு இல்லை. தம்பியின் பயம் தீர்ந்துவிடும்.

பாத்திரம் ஆட ஆட உயரும் நிலைகளில் முதலாவதிலேயே பறக்கும் கருட இனம் வைக்கலாமா? (கானாடுகாத்தான்)

வேண்டாம். அந்தக் கையேட்டில் மந்திரவாதிக்கே பறக்கும் மந்திரம் ஐந்தாம் நிலையில்தான் கிடைக்கிறது. அதுவரை மாடியிலிருந்து முற்றத்துக்குச் சறுக்கி இறங்கட்டும்.

ஓர் இனத்துக்குப் பிறவியிலேயே அறிவு கூடுதல் என்று வைப்பது உறுத்துகிறது. விதியை மாற்றலாமா? (தேவகோட்டை)

மாற்றத்தான் வேண்டும். பிறப்பை வைத்து மனிதரை அளந்த காயம் நம் மண்ணில் இன்னும் ஆறவில்லை. அதை விளையாட்டுக்குள்ளும் கொண்டுவருவது எனக்குச் சம்மதமில்லை. 2024 பதிப்பிலேயே ‘இனம்’ என்ற சொல்லை விட்டு ‘உயிரினம்’ என்ற பொருளில் வேறு சொல்லை வைத்துவிட்டார்கள். திறன் எண்களைக் கூட்டுவதைப் பாத்திரத்தின் பின்னணிக்கு, அதாவது அது முன்பு வாழ்ந்த வாழ்க்கைக்கும் செய்த தொழிலுக்கும், மாற்றிவிட்டார்கள். ‘குலம்’ என்ற சொல்லும் உங்கள் தாளில் வேண்டாம். உண்மையில் வாழும் எந்தச் சமூகத்தின் பெயரையும் வழக்கத்தையும் கற்பனை இனத்தின் மேல் ஒட்டாதீர்கள்.

இருளில் தெரியும் கண், நீரில் அடங்கும் மூச்சு போல உடல் தருவதை மட்டும் பிறப்புக்குக் கொடுங்கள். கை கற்றதைத் தொழிலுக்குக் கொடுங்கள். ஆத்தங்குடியில் டைல்ஸ் செய்வதைப் பாருங்கள். கண்ணாடிமேல் அச்சை வைத்து, அறை அறையாக வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சை அசையாமல் தூக்குகிறார்கள். கை நடுங்கினால் சிவப்பு பச்சைக்குள் ஓடிவிடும். அந்த நிதானம் பல வருடப் பழக்கம். ஆகவே ‘டைல்ஸ் கைவினைஞர்’ என்று ஒரு பின்னணி எழுதி, கைத்திறனுக்கு இரண்டு கூட்டுங்கள். யாளியும் எடுக்கலாம், நாகரும் எடுக்கலாம்.

எல்ஃப் (மேலைக் கதைகளில் வரும் கூர்ங்காது இனம்) இல்லாமல் ஆட மாட்டேன் என்கிறாள் தங்கை. (புதுவயல்)

இருக்கட்டும். 2014 கையேட்டின்படி எல்ஃப் 750 ஆண்டுகள்வரை வாழலாம். பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டின் காவலராக அவளை வையுங்கள். பர்மாத் தேக்குத் தூண் வண்டியில் வந்து இறங்கிய நாளைப் பார்த்தவள் அவள். நீங்கள் ஆடக் கூடும் ஒவ்வொரு முறையும் ஒரு தடவை, அந்த வீட்டில் நடந்த பழைய சம்பவம் ஒன்றைத் தான் கண்டதாக அவள் சொல்லலாம். அவள் சொன்னது அன்றுமுதல் உங்கள் நாட்டின் வரலாறு. ஆட்டத்தை நடத்தும் நீங்களும் அதை மறுக்கக் கூடாது.