பறை லூப்பை இழுக்காதீர்கள், வெட்டுங்கள்

கேள்வி: 100 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 100 தாள அடி) பதிவு செய்த பறை லூப் (திரும்பத் திரும்ப ஓடும் சிறு ஒலிப்பதிவு) ஒன்று வைத்திருக்கிறேன். என் டிராக் 125 பிபிஎம். ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருளில் வார்ப் (பதிவின் வேகத்தை மாற்றும் வசதி) போட்டால் வேகம் பொருந்துகிறது. ஆனால் அடியெல்லாம் மழுங்கி, ஈரத்துணியில் தட்டியது போல் கேட்கிறது. எப்படிச் சரிசெய்வது?

பதில்: முதலில் வார்ப் மோடைப் பாருங்கள். காம்ப்ளெக்ஸில் இருந்தால் பீட்ஸுக்கு மாற்றி, பிரிசர்வ் பகுதியில் டிரான்சியன்ட்ஸை (அடிகளின் கூர்மையான தொடக்கங்களை) தேர்ந்தெடுங்கள். பாதிக் குறை அங்கேயே தீர்ந்துவிடும். காம்ப்ளெக்ஸ் முழுப்பாட்டுக்கு ஏற்றது. அது ஒலியைச் சிறு துண்டுகளாக்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைக்கிறது. பறையின் முதல் அறைச்சல் சில மில்லிசெகண்டுகளில் முடிந்துவிடும்; துண்டு அதைவிட நீளம். அதனால் அடியின் கூர்மை முன்னும் பின்னும் கசிகிறது.

மிச்சக் குறைக்கு 'ஸ்லைஸ் டு நியூ மிடி டிராக்': லூப்பைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனியே வாசிக்க வைக்கும் கட்டளை. அதற்குமுன் நடையைக் கவனியுங்கள். வாசிப்பு திஸ்ரத்தில் (ஒரு தாள அடிக்கு மூன்று பாகம்) இருந்தால் கிரிட்டை (திரையின் நேரக் கட்டங்களை) டிரிப்லெட்டில், அதாவது மும்மூன்றாக, வையுங்கள். பதினாறாம் பாகக் கிரிட்டில் விட்டால் அடிகள் தப்பான இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். திஸ்ரத்தில் ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் 100 பிபிஎம்மில் 200 மில்லிசெகண்ட், 125இல் 160. வெட்டிய துண்டுகளில் அந்த 40 மில்லிசெகண்டும் வாலிலிருந்து (அடிக்குப் பின் நீளும் அதிர்விலிருந்து) மட்டுமே போகும், அறைச்சலைத் தொடாது. துண்டுகள் எல்லாவற்றையும் ஒரே சோக் குழுவில் (ஒன்று ஒலித்ததும் முந்தையது நின்றுவிடும் குழு) போடுங்கள். ஒரே தோல்தானே, அடுத்த அடி விழுந்ததும் முந்தைய அதிர்வு அடங்குவதே இயல்பு.

வெட்டு, அடிக்கு 1 அல்லது 2 மில்லிசெகண்ட் முன்னால் விழட்டும். அலை உயரத்தில் இருக்கும்போது வெட்டினால் 'டிக்' என்று சத்தம் வரும். துண்டின் கடைசியில் 5 மில்லிசெகண்ட் ஃபேட் (ஒலி படிப்படியாக ஏறுவது அல்லது இறங்குவது) போதும். முன்பக்கம் நீண்ட ஃபேட் வேண்டவே வேண்டாம், அடியைத் தின்றுவிடும்.

குவான்டைஸை (அடிகளைக் கிரிட்டோடு ஒட்டவைப்பதை) 100 சதவீதம் போடாதீர்கள். அடிக்குச்சியின் (குட்டையான தடித்த குச்சி) கனத்த அடிகளை மட்டும் கிரிட்டில் நிறுத்துங்கள். சிண்டுக்குச்சியின் (நீண்ட மெல்லிய குச்சி) சிற்றடிகள் கொஞ்சம் முந்திப் பிந்தி விழட்டும். பறையின் துள்ளல் அந்தச் சிறு விலகலில்தான் இருக்கிறது; அதை நேராக்கினால் யார் வாசித்தாலும் ஒன்றுபோலவே இருக்கும்.

இன்னொன்று: பறையை நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்றுகிறார்கள். ஆறியதும் தோல் தளர்ந்து சுருதி இறங்கிவிடும். பதிவின் தொடக்கத்து அடியையும் கடைசி அடியையும் ஒரே வரிசையில் கலந்தால் இரண்டு பறை போல் கேட்கும். தாழ்ந்த துண்டை மட்டும் டிரான்ஸ்போஸில் (சுருதி மாற்றும் வசதி) ஏற்றுங்கள்.

பெரிய கூடத்தில் எதிரொலியோடு பதிவானதென்றால் வெட்டு எடுபடாது, ஒவ்வொரு வாலும் அறுந்தது தெரியும். அப்போது ரீ-பிட்ச் மோடைப் (வேகத்தோடு சுருதியும் சேர்ந்து மாறும் வார்ப் மோடு) போட்டுப் பாருங்கள். சுருதி கிட்டத்தட்ட 4 செமிடோன் (அரைச் சுரம்) ஏறும். அடி கூர்மை கெடாமல், நன்றாகக் காய்ச்சிய பறையின் கணீரென்ற ஒலிக்கு அருகில் வரும்.